குரல் பிடிக்கவில்லை, பாடுவதை விட்டுவிடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 38, கோவையில் கணக்கர் வேலை. சிறு வயதிலிருந்தே பாட ஆசை, முறையாகக் கற்றதில்லை. நண்பர்கள் கூடினால் பழைய திரைப்பாடல்கள் பாடுவீர்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். சென்ற மாதம் முதல்முறையாகச் செல்போனில் பதிவுசெய்து கேட்டபோது குரல் மெலிந்து, மூக்கால் பாடுவதுபோல், மேலே போகும் இடங்களில் கத்துவதுபோல் இருந்திருக்கிறது. தங்கையிடம் போட்டுக் காட்டினால், "அண்ணா, ஆபீஸ் விழாவில் மட்டும் பாடிவிடாதே" என்றிருக்கிறார். நீங்களோ ஜனவரியில் நடக்கும் அந்த விழாவுக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டீர்கள். குரல் நன்றாக இருக்கிறதா என்று எப்படி நேர்மையாகத் தெரிந்துகொள்வது, இந்த வயதில் திருத்த முடியுமா என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. போனில் கேட்டதுதான் உண்மையான என் குரலா என்பது ஒன்று. கேட்டதில் எது பிறவியில் வந்தது, எது திருத்தக்கூடிய பழக்கம் என்பது இன்னொன்று. மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி தெரிகிறது: நான் பாடலாமா? பாடலாம். அதற்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான் அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படித்தவள். 24 ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் வேலைக்குப் போகும் பெரியவர்கள். கர்நாடக இசையில் பழகியவள் என்பதால் என் சொற்களும் பயிற்சிகளும் அங்கிருந்து வருபவை. மேற்கத்திய முறையில் பயின்ற ஒருவர் இதையே வேறு வரிசையில் சொல்லக்கூடும். மருத்துவம் படிக்கவில்லை, ஆகவே தொண்டைக் கோளாறு பற்றி ஓர் எல்லையோடு நிறுத்திக்கொள்வேன். உங்கள் குரலை நான் கேட்டதும் இல்லை. அதனால் தீர்ப்பு எதுவும் சொல்லப்போவதில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பதிவு. நம் குரல் நம் காதுக்கு இரண்டு வழியாக வருகிறது. வாயிலிருந்து வெளியே போய், காற்றின் வழியாகச் செவிக்குள் நுழைவது ஒன்று. குரல்வளையின் அதிர்வு மண்டை எலும்பு வழியாக நேரே உட்காதைத் தொடுவது மற்றொன்று. எலும்பு வழியாக வருவதில் தாழ்ந்த அதிர்வுகள் தூக்கலாக இருக்கும். அதனால்தான் நம் குரல் நமக்குக் கனமாக, உருண்டு திரண்டு கேட்கிறது. பதிவில் காற்று வழி வந்தது மட்டுமே இருக்கிறது, எனவே மெலிந்து தெரிகிறது. பதிவைக் கேட்டுத் திடுக்கிடாத மனிதரை நான் பார்த்ததில்லை. மேடையில் பாடுபவர்களும் முதல் பதிவைக் கேட்டு முகம் சுளித்தவர்கள்தான். உங்கள் நண்பர்கள் இத்தனை காலமும் கேட்டுவந்தது அந்த மெலிந்த குரலைத்தான். அவர்களுக்கு அது புதிதல்ல, உங்களுக்குத்தான் புதிது.

ஆனால், "போன் பொய் சொல்கிறது" என்று ஒதுக்கிவிடவும் கூடாது. போன் குரலின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றும். சுருதியை மாற்றாது, தாளத்தை மாற்றாது, மூச்சு எங்கே அறுந்தது என்பதையும் மறைக்காது. ஒரே எச்சரிக்கை: வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் பதிவுசெய்து எடைபோட வேண்டாம். அது பேச்சுக்காக அமைந்தது, ஒலியை நன்றாகச் சுருக்கிவிடும். போனிலேயே இருக்கும் ரெக்கார்டரைப் பயன்படுத்துங்கள். சத்தத்தைக் குறைக்கும் வசதி அதில் இருந்தால் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் நீண்ட கார்வையை, அதாவது நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தை, சில போன்கள் மின்விசிறியின் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடுகின்றன. போனை இரண்டடி தள்ளி வையுங்கள். குளியலறை வேண்டாம், எதிரொலி எல்லாக் குரலையும் அழகாக்கிவிடும். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள படுக்கையறை நல்லது.

என்ன பாடிப் பதிவது? கரோக்கி இசையோடு பாடாதீர்கள். பின்னணி இசை உங்களைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், எங்கே விலகினீர்கள் என்று தெரியாது. மூன்று துண்டுகள் போதும். சுருதியை இடைவிடாமல் ஒலிக்கும் தம்பூரா செயலியைப் போட்டுக்கொண்டு 'ஸா' என்று ஒரே மூச்சில் 10 வினாடி நிற்பது ஒன்று. அதே தம்பூராவோடு உங்களுக்கு மிகவும் பிடித்த பாடலின் பல்லவி ஒன்று. பிறகு எந்தத் துணையும் இல்லாமல் அதே பாடலை முழுதாக. பதிந்த உடனே கேட்காதீர்கள். மறுநாள் காலை, வேறு யாரோ பாடியது என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேட்கும்போது "நன்றாக இருக்கிறதா?" என்று மனத்தைக் கேட்டால் அது கூச்சத்தோடுதான் பதில் சொல்லும். ஒரு முறைக்கு ஒரே விஷயத்தை மட்டும் கவனியுங்கள். முதல்முறை சுருதி மட்டும்: ஸ்வரம் தம்பூராவோடு கலந்து கரைகிறதா, உரசிக்கொண்டு நிற்கிறதா? துணையில்லாமல் பாடிய பாடலை ஆரம்பித்த இடமும் முடித்த இடமும் ஒன்றா? முதல் வரியைக் கேட்டதும் கடைசி வரிக்குத் தாவிப் பாருங்கள், சுருதி இறங்கியிருந்தால் காது உடனே சொல்லிவிடும். இரண்டாம்முறை தாளம்: தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், எங்கே ஓடுகிறது என்று தெரியும். பழகாதவர்கள் பெரும்பாலும் தெரிந்த வரியில் ஓடுவார்கள், கடினமான வரியில் தேங்குவார்கள். மூன்றாம்முறை மூச்சு. நான்காம்முறை சொற்கள். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகக் குரலின் நிறம். உலகம் முழுவதும் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறது. குரல் இனிமையா என்பதை முதலில் கேட்டு, அதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

எங்கள் வழக்கில் குரல்வளத்தைச் சாரீரம் என்போம். கனமான சாரீரம், வேகமாகப் புரளும் பிருகா சாரீரம், கம்மிய சாரீரம் என்று வகை சொல்வோம். சாரீரத்தின் அடிப்படை உடலமைப்பு. குரல் நாண்களின் நீளமும் தடிமனும், தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் வடிவமும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. முகச்சாயல் போல அது உங்களுடையது. சுருதி அப்படியில்லை. அது காதுக்கும் தொண்டைத் தசைகளுக்கும் நடுவே பழக்கத்தால் உண்டாகும் ஒப்பந்தம். உங்களைக் கூச வைத்தது சாரீரம் என்று நினைக்கிறீர்கள். மூக்கொலி, மேலே கத்தல் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பெரும்பகுதி பொருந்தாத கட்டையில், அதாவது உங்கள் குரலுக்கு ஒவ்வாத சுருதி உயரத்தில், பாடியதால் வந்தது என்பது என் ஊகம். கேட்காமல் சொல்வதால் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னிடம் வந்த ஆண்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேரின் கதை இதுதான்.

நம் திரைப்பாடல்களில் ஆண் பாடகர்களுக்கு அமைந்தவை பலவும் சாதாரண ஆண் குரலுக்கு எட்டாத உயரத்தைத் தொடுபவை. பாடியவரின் குரலுக்காக இசையமைப்பாளர் தேர்ந்த சுருதி அது. அதே சுருதியில் பாடினால்தான் பாடல் பாடலாக இருக்கும் என்று நினைத்து, சரணத்தின் உச்சியில் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறோம். கழுத்து இறுகினால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் போய்த் தொண்டையை அடைக்கிறது, வாயின் மேற்கூரையில் பின்பகுதியான மெல்லண்ணம் தொங்கிக் காற்று மூக்கு வழியே கசிகிறது. மூக்கால் பாடுவதாகத் தோன்றுவது பல நேரங்களில் இதனால்தான். ஒரு சோதனை செய்துபாருங்கள். மேலே கத்தும் அந்த வரியை 'ஆ' என்று பிடித்துக்கொண்டு, நடுவில் மூக்கை இரண்டு விரலால் மூடித் திறவுங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கில் கசிகிறது என்று பொருள். மாறாவிட்டால் மூக்கைக் குறை சொல்ல வேண்டாம், இறுக்கம் தொண்டையில் இருக்கிறது.

உங்கள் கட்டையைக் கண்டுபிடிப்பது எளிது. சுருதிப் பெட்டி செயலியில் ஆண் குரலுக்கு 1 கட்டையில் தொடங்குங்கள். ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை எண்ணிவரும் கணக்கு இது. 1 என்பது மேற்கத்தியர் சொல்லும் ஸி, 2 டி, 5 ஜி. நடுவே உள்ள கறுப்புக் கட்டைதான் ஒன்றரை, இரண்டரை. 3-க்கும் 4-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை, அதனால் மூன்றரைக் கட்டை என்று எதுவும் கிடையாது. ஸாவில் நின்று, படிப்படியாக மந்திர பஞ்சமம்வரை, அதாவது கீழ் ஸ்தாயியின் 'ப' வரை, இறங்குங்கள். அங்கே காற்று மட்டும் வந்து ஒலி கரகரத்தால் கட்டை உங்களுக்குத் தாழ்ந்துவிட்டது. பிறகு தார ஸ்தாயி காந்தாரம்வரை, அதாவது மேல் ஸ்தாயியின் 'க' வரை, ஏறுங்கள். தாடை முன்னே வந்தாலோ, முகவாய் மேலே தூக்கினாலோ கட்டை உயர்ந்துவிட்டது. இரண்டும் சிரமமில்லாமல் எட்டும் கட்டை உங்களுடையது. ஆண்களில் பலருக்கு 1, 1½, 2 கட்டைகளிலும், பெண்களில் பலருக்கு 4½, 5, 5½ கட்டைகளிலும் அது அமையும். அதற்கு வெளியே அமைந்தாலும் குறை ஒன்றும் இல்லை. இன்று அமைவது ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் அரைக் கட்டை மாறலாம்.

என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன், அடையாளம் வேண்டாம். பள்ளியில் படித்தபோது இறைவணக்கப் பாடலுக்கு அவரைப் பின்வரிசையில் நிறுத்தி, "வாயை மட்டும் அசை" என்று சொல்லியிருக்கிறார்கள். 41 வயதில் வந்தார். முதல் நாள் நான் ஸா பாடிக் காட்டி, பாடுங்கள் என்றேன். எங்கோ கீழே போய் நின்றார். மீண்டும் பாடினேன், இன்னும் தள்ளிப் போனார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அப்போதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. நான் பெண் குரலில், 5 கட்டையில் ஸா பிடிக்கிறேன். அவர் அதைத் தன் குரலில் எங்கே வைப்பார்? அதே உயரத்தில் பாடினால் அவருக்கு அது சிரமமான மேல், ஒரு ஸ்தாயி இறக்கினால் பாதாளம். "பாட வேண்டாம், உங்கள் பெயரைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள்" என்றேன். சொன்னார். அந்த உயரத்துக்குச் சுருதிப் பெட்டியைத் திருகிக் கொண்டுபோய் வைத்தேன். "இப்போது அதே இடத்தில் ஸா" என்றேன். கலந்துவிட்டது. 30 ஆண்டுகளாகத் தனக்குச் சுருதியே கிடையாது என்று நம்பியிருந்த மனிதர், தம்பூராவுக்குள் தன் குரல் காணாமல்போவதை முதல்முறையாகக் கேட்டார். அங்கிருந்து அரை அரைக் கட்டையாக ஏற்றினோம். நான்காம் மாதம் தொடக்க ஸ்வரப் பாடமான சரளி வரிசையை இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில், சுத்தமாகப் பாடினார். அன்றிலிருந்து புதிதாக வருபவரிடம் நான் சுருதிக்கு வரச் சொல்வதில்லை, சுருதியைத்தான் அவரிடம் கொண்டுபோகிறேன்.

இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. கனடாவின் மான்ட்ரியலில் இசையையும் மூளையையும் ஆராய்ந்துவரும் இசபெல் பெரெட்ஸும் அவருடைய சகாவும் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சரியாகப் பாடத் தெரியாதவர்கள் விரலால் நகர்த்தும் கருவி ஒன்றில் அதே ஸ்வரத்தை நன்றாகவே பிடித்தார்கள். அதாவது அவர்களில் பலருக்குக் காது சரியாகத்தான் இருந்தது, தொண்டைதான் சொன்னபடி கேட்கவில்லை. ஸ்வர வேறுபாட்டையே உணர முடியாத பிறவிக் குறை உள்ளவர்களும் இருக்கிறார்கள். நூற்றில் நாலு பேர் என்று ஒரு காலத்தில் கணக்கிட்டார்கள், பிந்தைய மதிப்பீடு அதைவிடக் குறைவு. உங்களுக்கு அது இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பதிவைக் கேட்டு "ஏதோ சரியில்லை" என்று உணர்ந்தவர் நீங்கள். அந்தக் குறை உள்ளவர்களுக்குப் பொதுவாக அப்படி உறுத்தாது.

இனிப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பாடுவதைவிடத் தினமும் 25 நிமிடம் பலமடங்கு பயன் தரும். தசைப் பழக்கம் அப்படித்தான் ஏறும். முதல் ஐந்து நிமிடம் தொண்டையைச் சூடாக்க. குழந்தைகள் பஸ் ஓட்டி விளையாடும்போது உதட்டை அதிரவைத்து 'புர்ர்ர்' என்பார்களே, அதையே ஸாவிலிருந்து பஞ்சமம்வரை ஏற்றி இறக்குங்கள். பழரசம் குடிக்கும் ஸ்ட்ராவை வாயில் வைத்து அதன் வழியே முணுமுணுப்பதும் அதே வேலையைச் செய்யும். அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே இதைப் பரவலாக்கினார். வாய் பாதி மூடியிருக்கும்போது உள்ளே திரும்பும் அழுத்தம் குரல் நாண்கள் முட்டிமோதாமல் மெல்லச் சேர உதவுகிறது. நம் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு மந்திர ஸ்தாயியில் ரீங்காரம் செய்யச் சொன்னதும் இதே திசையில்தான்.

அடுத்த பத்து நிமிடம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்தது என்று மரபு சொல்லும் வரிசை இது. பெரியவர்கள் பலருக்கு இதைப் பார்த்ததும் சலிப்பு வருகிறது, குழந்தைகளின் பாடம் என்று. ஆனால் இந்த ராகத்தைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ ரி க ம என்ற முதல் பாதியில் என்ன இடைவெளிகளோ, ப த நி ஸ் என்ற மறுபாதியிலும் அதே இடைவெளிகள். ஒட்டியே நிற்கும் ரி, எட்டிப் பிடிக்க வேண்டிய க, மறுபடி ஒட்டி நிற்கும் ம. சிறு தாவலும் பெரிய தாவலும் மாறி மாறி வருவதால் தொண்டை இரண்டையும் கற்றுக்கொள்கிறது. ஸ்வரப் பெயரோடு ஒருமுறை, பிறகு 'ஆ' என்ற அகாரத்தில் ஒருமுறை பாடுங்கள். ஸ்வரப் பெயரில் ஒளிந்துகொள்ளும் பிழை அகாரத்தில் வெளியே வந்துவிடும். மெதுவாக, முதல் காலத்திலேயே இருங்கள். இரண்டாம் காலத்துக்கு அவசரமே இல்லை. ஒரு ஸ்வரம் உரசினால் மேலே போகாமல் நின்று, தம்பூராவைக் கேட்டு, கலக்கும்வரை காத்திருங்கள். அந்தக் காத்திருப்புதான் பயிற்சி. தவறான ஸ்வரத்தை 50 முறை வேகமாகப் பாடினால் தவறுதான் பதியும்.

மிச்சம் பத்து நிமிடம் உங்கள் பாடல். இங்கே சொற்களைப் பற்றி ஒன்று. தமிழில் ஐகாரத்தை நீட்டும்போது பலர் உடனே 'இ' பக்கம் சரிந்துவிடுவார்கள். 'மை' என்று நீட்டினால் முக்கால்வாசி நேரம் 'ம' என்ற திறந்த ஒலியில் நின்று, முடியும்போதுதான் 'இ' எட்டிப்பார்க்க வேண்டும். முன்னதாகச் சரிந்தால் குரல் ஊசிபோல் மெலியும். அதேபோல் 'வரும்', 'நெஞ்சம்' என்று முடியும் சொற்களில் மகர ஒற்றைச் சீக்கிரம் மூடிவிட்டால் கார்வை முழுவதும் மூக்கில் போகும். நீங்கள் சொன்ன மூக்கொலிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பதிவில் அந்த இடங்களைத் தேடிப்பாருங்கள். மேலே போகும் வரியில் வாயை இன்னும் ஒரு விரல்கடை அதிகம் திறந்துபாருங்கள். பாதிக் கத்தல் அதிலேயே குறையும்.

போனில் சுருதி காட்டும் செயலிகளும் இருக்கின்றன. நேரான ஸ்வரங்களுக்கு, அதாவது ஸா, பா கார்வைகளுக்கு அவை நல்ல துணை. ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கி எத்தனை பங்கு விலகினீர்கள் என்று காட்டிவிடும். ஆனால் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு அவற்றைக் கொண்டுபோகாதீர்கள். தோடி ராகத்தின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கும் புள்ளியே அல்ல, அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். அங்கே செயலி சிவப்பு காட்டினால் செயலிக்குப் புரியவில்லை என்றுதான் பொருள். திரைப்பாடலிலும் வளைவுகள் நிறைய உண்டு. செயலியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே பாடுகிறவருக்குக் கேட்கும் பழக்கம் போய்விடும். வாரத்தில் ஒருநாள் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலைச் சாதகம், அதாவது விடியுமுன் பாடிப் பழகுவது, பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரவு முழுவதும் படுத்திருப்பதால் காலையில் குரல் நாண்கள் சற்று ஊறித் தடித்திருக்கும், குரல் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். மந்திர ஸ்தாயி பழக அது வாகான நேரம்தான், முன்னோர் சொன்னதில் பொருள் இருக்கிறது. ஆனால் விடியற்காலை நாலு மணிக்குப் பாடினால்தான் குரல் வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வேலைக்குப் போகும் மனிதர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பாடினால் இழப்பே அதிகம். மாலை ஏழு மணிக்கு முடிகிறதா, ஏழு மணிக்கே பாடுங்கள்.

மிளகுப் பால், பனங்கற்கண்டு, அதிமதுரம், தேன். இவற்றை நானும் எடுத்துக்கொள்கிறேன், இதமாக இருக்கிறது. ஆனால் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. விழுங்கும் கணத்தில் குரல்வளை மூடிக்கொண்டு, உணவு பின்னால் உணவுக்குழாயில் இறங்கிவிடுகிறது. தொட்டால் புரையேறும். தேன் குரலைத் திறக்கும் என்பதெல்லாம் தொண்டையின் பின்சுவரில் உண்டாகும் இதத்தைப் பற்றிய பேச்சு. நாண்களை நேரே எட்டுவது மூச்சோடு போகும் நீராவிதான். நாள் முழுவதும் தண்ணீர் குடித்து உடலில் ஈரம் குறையாமல் வைத்துக்கொள்வது எல்லாக் கஷாயத்தையும்விட முக்கியம். குளிர்ந்த நீர் எல்லோருடைய குரலையும் கெடுக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை, உங்களுக்கு எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு: அடிக்கடி தொண்டையைக் கனைப்பது நாண்களை மோதவைக்கும், இரைச்சலான இடத்தில் கத்திப் பேசுவது பாடுவதைவிட அதிகம் கெடுக்கும், புகை கெடுக்கும், இரவு தாமதமாக வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுப்பவர்களில் சிலருக்குப் புளித்த அமிலம் மேலே வந்து காலையில் குரலைக் கம்மவைக்கும். பாடிய பிறகு வலி இருந்தாலோ, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தாலோ, எந்தப் பாட்டு ஆசிரியரிடமும் கேட்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். குரல் நாணில் வரும் சிறு முடிச்சுகளைப் பெரும்பாலும் குரல் பயிற்சியாலேயே குணப்படுத்திவிடுகிறார்கள், ஆனால் முதலில் உள்ளே பார்த்தாக வேண்டும்.

சாரீரம் மாறுமா என்றால், கொஞ்சம் மாறும். இறுக்கம் போகும்போது, மூச்சு சீராகும்போது, உள்ளே இருந்த நிறம் தூசு தட்டிய பித்தளைபோல் வெளியே வரும். வேறொருவர் குரலாக மாறாது. மாற்ற முயன்று இயல்பல்லாத கள்ளக் குரலில் பாடிப் பழகியவர்களை மீட்பது புதியவருக்குக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். கர்நாடக இசை மேதை டைகர் வரதாச்சாரியாரின் சாரீரம் இனிமையானது என்று யாரும் சொன்னதில்லை. அவருடைய கற்பனைக்காகவும் ராக பாவத்துக்காகவும் வித்வான்களே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். அவருடைய சீடர் எம்.டி.ராமநாதன் தன் கனத்த குரலை மெல்லியதாக்க முயலவில்லை. மிகத் தாழ்ந்த சுருதியில், மிக மெதுவான காலத்தில் பாடினார். அந்தக் குரலுக்குப் பொருந்திய பாட்டு அது. அவர் மறைந்தது 1984-இல், இன்றும் அவர் பதிவுகளைத் தேடிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேதைகள், நாம் அப்படி ஆகப்போவதில்லை. ஆனால் தன் குரலுக்கேற்ற கட்டையும் காலமும் தேர்ந்துகொள்ளும் அறிவு நம் எல்லோருக்கும் கிடைக்கக்கூடியது.

எவ்வளவு நாளாகும்? என் அனுபவக் கணக்கைச் சொல்கிறேன், எல்லோருக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் பழகும் பெரியவருக்குச் சுருதி ஓரளவு நிலைக்க மூன்று நான்கு மாதம். மேலும் கீழும் ஓரிரு ஸ்வரம் கூடுதலாகச் சிரமமின்றி எட்ட ஒரு வருடம். கமகம் கைவர பல வருடங்கள். 38 வயது இதற்குத் தாமதமே இல்லை. குழந்தைகளைவிட நீங்கள் மெதுவாகப் பிடிப்பீர்கள், ஆனால் எதைத் திருத்துகிறோம் என்று தெரிந்து திருத்துவீர்கள். ஆசிரியரைத் தேடினால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதல் வகுப்பிலேயே உங்கள் கட்டை என்ன என்று தேடுபவரிடம் சேருங்கள். பெண் பிள்ளைகள் பதினைந்து பேரோடு 5 கட்டையில் உங்களையும் உட்காரவைத்துப் பாடச் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் அந்த வகுப்பு உங்களுக்கு உதவாது. வகுப்புக்கு வழியில்லை என்றால் நிறையக் கேளுங்கள். ஒரே பாடலை, ஒரே வரியை, பத்து முறை கேட்டுவிட்டு ஒருமுறை பாடுங்கள். கேள்வி ஞானத்திலேயே சுத்தமாகப் பாடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஜனவரி விழாவுக்கு வருவோம். பெயரைத் திரும்பப் பெறாதீர்கள். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. விழாவில் பாட நீங்கள் குறிப்பிட்ட பாடலின் சரணம் உச்சிக்கு ஏறுவது. மூலச் சுருதியிலிருந்து ஒன்றரை, இரண்டு கட்டை இறக்கிப் பாடிப்பாருங்கள். கரோக்கி இசை என்றால் அதையும் அதே அளவு இறக்கித்தரும் செயலிகள் இருக்கின்றன, கீபோர்டு வாசிப்பவர் என்றால் ஒரு வாரம் முன்பே உங்கள் கட்டையைச் சொல்லிவிடுங்கள். மேடையில் ஏறியபின் சொன்னால் அவர் பழகிய கட்டையிலேயே ஆரம்பித்துவிடுவார். இறக்கிய பிறகு பல்லவியின் கீழ்வரிகள் காற்றாகிவிட்டால், அந்தப் பாடல் உங்கள் குரலுக்கு அகலமானது. வீச்சு குறைந்த வேறொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், அவையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மைக்கை வாயிலிருந்து நாலு விரல்கடை தள்ளிப் பிடியுங்கள், மேலே போகும்போது குரலைத் தூக்காமல் மைக்கைச் சற்று விலக்குங்கள். உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கும்படி ஒரு ஸ்பீக்கரை உங்கள் பக்கம் திருப்பிவைக்கச் சொல்லுங்கள். அது கேட்காததால்தான் மேடையில் நல்ல பாடகர்களும் கத்துகிறார்கள்.

சென்ற மாதப் பதிவை அழித்துவிடாதீர்கள். தேதி போட்டு வையுங்கள். டிசம்பர் கடைசியில் அதே அறையில், அதே போனில், அதே தூரத்தில், அதே பாடலின் பல்லவியை உங்கள் கட்டையில் பாடிப் பதியுங்கள். இரண்டையும் எது பழையது, எது புதியது என்று சொல்லாமல் தங்கையிடம் போட்டுக் காட்டுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "எந்த வரியில் சுருதி விலகியது?" என்று மட்டும் கேளுங்கள். அவர் காட்டும் வரியிலிருந்து ஜனவரி பயிற்சியைத் தொடங்கலாம்.